நானோ பற்பசையால் பல் கூச்சம் போகுமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 52. ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் பட்டாலே இடதுபக்கப் பல் சுரீர் என்கிறது. 'நானோ' என்று போட்ட பற்பசை வாங்கலாமா? பல் டாக்டர் 'நானோ ஃபில்லிங்' என்கிறார். உடம்புக்கு ஏதும் செய்யுமா?

பதில்: வாங்கலாம் அண்ணாச்சி. அதற்கு முன்னால் கண்ணாடியில் பார்த்து, கோரைப்பல்லும் அடுத்த பற்களும் ஈறோடு சேரும் இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால், பெரும்பாலும் அது பிரஷ் செய்த வேலை. வலது கைக்காரர்களுக்கு இடதுபக்கம்தான் அதிகம் தேயும்.

தேய்ந்த இடத்தில் எனாமல் என்ற மேல் உறை போய், அதற்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கு வெளியே வந்திருக்கும். டென்டின் முழுக்க நுண்குழாய்கள். குளிர்ச்சி பட்டதும் உள்ளே இருக்கும் திரவம் அசைந்து நரம்பைச் சுண்டுகிறது. இந்தப் பற்பசைகளில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ராக்சிஅபடைட். எனாமலும் எடையில் 96 சதவீதம் இதே வகைத் தாதுதான். துகள் 100 நானோமீட்டருக்கும் கீழே (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பதால் குழாய் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். அட்டையின் முன்பக்கத்தை நம்பாமல், பின்பக்கத்தில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்ததும் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். சில வாரம் பொறுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 2023-ல் பற்பசையில் 10 சதவீதம் வரை பாதுகாப்பானது என்றது. ஊசி வடிவத் துகளுக்கு மட்டும் அந்த ஒப்புதல் இல்லை. சொத்தை விழும் வாயென்றால் ஃப்ளோரைடு பசையை விட்டுவிடாதீர்கள், அதற்குத்தான் ஆதாரம் அதிகம். குழி விழுந்த சொத்தையை எந்தப் பசையும் மூடாது.

ஃபில்லிங் சங்கதி வேறு. காம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளில் கலக்கும் சிலிக்கா போன்ற துகள்களை நானோ அளவுக்குப் பொடியாக்கியிருப்பார்கள், அதனால் மினுமினுப்பு நிற்கும். இப்போது பல கிளினிக்குகளில் அதுதான் சாதாரணச் சரக்கு. ஈறோரத்தில் எச்சில் படாமல் உலர்த்தி ஒட்டுவதுதான் முக்கியம். அதில் கோட்டை விட்டால் நானோவும் கழன்று விழும். அப்புறம், உமிக்கரி, உப்பெல்லாம் வேண்டாம். மென்மையான பிரஷ் போதும்.

சர்பத்தை விழுங்கிய பிறகும் வலி நிமிடக்கணக்கில் நின்றாலோ, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ பசை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். நரம்பு வரை போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.