ஆச்சியின் நடை வேகத்தை வீட்டிலேயே சரியாக அளப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் இருக்கும் உங்கள் ஆச்சியின் நடையை அளந்தால் ஒரு நாள் ஒரு கணக்கும் மறுநாள் வேறு கணக்கும் வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் மாறுவது அளக்கும் விதம்தான்.

வளவில் நேராக 8 மீட்டர் கிடைத்தால் போதும். நடுவில் உள்ள 4 மீட்டருக்கு மட்டும் சாக்பீஸ் கோடு போட்டு, அதற்குள் ஆகும் நேரத்தை எடுங்கள். இரு பக்கமும் உள்ள 2 மீட்டர் வேகம் பிடிக்கவும் நிற்கவும். நின்ற இடத்திலிருந்தே நேரம் எடுத்தால் வேகம் குறைவாகத்தான் காட்டும்.

"கடைக்குப் போற மாதிரி நடங்க ஆச்சி" என்று மட்டும் சொல்லுங்கள். பேரப்பிள்ளை பார்க்கிறது என்றதும் விறுவிறுவென்று நடப்பவர்கள்தான் அதிகம்! பக்கத்தில் போனால் உங்கள் வேகத்துக்கு வந்துவிடுவார். சற்றுப் பின்னாலேயே போங்கள், தடுமாறினால் பிடிக்கவும் வசதி. அதே செருப்பு, அதே கம்பு, அதே நேரம். மூட்டுவலி உள்ளவர்களுக்குக் காலையில் கால் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்கள்.

வினாடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனால் உடல் செயல்திறன் குறைவு என்று எடுத்துக்கொண்டது, வயதானவர்களின் தசை இழப்பு பற்றிய 2019 ஆசிய வழிகாட்டுதல். முந்தைய அளவைவிட வினாடிக்கு 0.1 மீட்டர் குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சின்ன வித்தியாசம் ஸ்டாப்வாட்ச் அழுத்திய விரலின் தாமதமாகவும் இருக்கலாம்.

அப்புறம், அடிக்கு அடி நடை மாறுகிறதா என்பதை இந்த 4 மீட்டரில் பிடிக்க முடியாது. அதற்கு நிறைய அடிகளும் சென்சார் கருவியும் வேண்டும்.