பெயர்ப்பலகைகளில் உள்ள மொழிகளை வைத்து ஓர் ஊரில் யார் யார் வாழ்கிறார்கள் என்று சொல்லிவிட முடியுமா?

மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். டவுன் ஹால் ரோட்டிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் விடுதிகள், உணவகங்களின் முகப்பில் தெலுங்கு, மலையாளம், இந்தி எழுத்துகளைக் கண்டதும், இம்மொழியினர் இங்கே திரளாகக் குடியிருப்பதாகத் தோன்றியிருக்கும். அவை பெரும்பாலும் இராமேசுவரம் போகிற வழியில் இறங்கும் யாத்திரிகர்களுக்கும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலைப் பயணத்தில் வந்துபோகும் ஐயப்ப பக்தர்களுக்கும் எழுதப்பட்டவை. குடியிருப்பவர்களின் மொழியை அங்கே தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

என் தாய்மொழி சௌராஷ்டிரா. திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றியும், பந்தடித் தெருக்களிலும், கிருஷ்ணராயர் தெப்பக்குளப் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நெசவாளர் சமூகம் எங்களுடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 2.47 லட்சம் பேர் இதைத் தாய்மொழியாகப் பதிந்திருக்கிறார்கள். (அதையும் குஜராத்தி என்ற தலைப்பின் கீழ்தான் சேர்த்து எண்ணுகிறார்கள்; எங்களில் பலருக்கு இது தீராத ஆதங்கம்.) எங்களுக்குத் தனி எழுத்தும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொ. மு. இராமராய் அதைச் சீர்செய்து பாடநூல்கள் வெளியிட்டார். 2008இல் அது கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடிலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் கடைப் பலகைகளில் அதைக் காண்பது அரிது.

ஏன் என்று எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் சித்தப்பா சுங்குடிச் சேலைக் கடை திறந்தபோது, பலகையில் ஒரு வரியாவது எங்கள் எழுத்தில் இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எழுத்துருவைத் தேடிப் பிடித்து அச்சடிப்பவரிடம் கொடுத்தும் ஆயிற்று. தடை வந்தது வீட்டுக்குள்ளிருந்துதான். சித்தப்பாவுக்கும் என் தந்தைக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. தேவநாகரியில் எழுதலாம் என்றார் உறவினர் ஒருவர். அது எங்கள் சமூகத்துக்குள் நெடுநாளாக நடந்துவரும் வாதம். ஆனால் தெருவில் போகிறவர் அதை இந்தி என்றே நினைப்பார். 1965 ஜனவரி 25 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டம் கலவரமாக வெடித்த ஊரில், அந்த வம்பை விலைக்கு வாங்கச் சித்தப்பா விரும்பவில்லை. தமிழ் எழுத்திலேயே எழுதலாம் என்றால், ஒலி வேறுபாட்டைக் காட்ட க, ச, ட போன்ற எழுத்துகளின் தலைமேல் 2, 3, 4 என்று எண் போட வேண்டும். சேலைக் கடையில் எண்ணைப் பார்த்தால் தள்ளுபடி என்று கூட்டம் கூடிவிடும் என்று சித்தி சிரித்தார்.

பெயர்ப்பலகையில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற விகிதத்தில் இடம் ஒதுக்குகிறது அரசு விதி. அந்த இரண்டு பங்கும் கடைசியில் தெலுங்குக்குப் போயிற்று. நம் ஆட்கள் எல்லோருக்கும் தமிழ் படிக்கத் தெரியும், ஆந்திராவிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது என்ற சித்தப்பாவின் கணக்கில் என்னால் பிழை காண முடியவில்லை, மனம்தான் ஒப்பவில்லை.

தமிழுக்கு முதலிடம் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். நான் படித்ததும் தமிழில்தான், கோபப்படுவதும் தமிழில்தான். என் மனக்குறை அந்த இரண்டு பங்கைப் பற்றியது மட்டுமே.

பலகையைக் கொண்டே மக்களை அறிய வேண்டுமென்றால், உரிமையாளர் பெயரின் முதலெழுத்துகளைக் கவனியுங்கள். மதுரையில் பிறந்த எங்கள் சமூகப் பாடகர் டி. எம். சௌந்தரராஜனின் பெயரில் முதலில் நிற்பது தொகுளுவ என்ற குடும்பப் பெயர்; அடுத்ததுதான் தந்தையின் பெயர். தெலுங்குக் குடும்பங்களிலும் இவ்வழக்கம் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது. ஐயம் தீரவில்லையென்றால் கடைக்குள் சென்று ஒரு சேலைக்கு விலை கேட்டுவிட்டு, கல்லாவில் இருப்பவர் உள்ளே நிற்கும் தம்பியிடம் எந்த மொழியில் சரக்கை எடுத்துவரச் சொல்கிறார் என்று காதுகொடுத்துக் கவனியுங்கள்.