லாப் ஸ்டீலுக்கு றேடியோச் சாமான்

அண்ணா வணக்கம். பெரியப்பா வாசிச்ச பழைய ஹவாயன் கிட்டார் ஒண்ணு எங்க வீட்டு அலுமாரிக்கு மேல பத்து பன்னெண்டு வருஷமா சும்மா கிடந்திச்சு, மடியில வச்சு வாசிக்கிறது, லாப் ஸ்டீல்னு சொல்வாங்க, தலையில சுப்ரோனு எழுதியிருக்கு, 50கள்ல வந்ததாம். போன மாசம் இறக்கி கூட்டாளியோட அம்ப்ல குத்திப் பாத்தா சத்தம் வருது, ஆனா வொல்யூம் திருப்புறப்ப ஒரே கரகர, டோன் திருப்பினா ஒரு மாற்றமும் இல்ல, கேபிள் அசைஞ்சா கட்டாகுது. கிட்டார் கடை மூணு ஏறி இறங்கினேன், லாப் ஸ்டீல் பார்ட்ஸ்னு கேட்டாலே "நே மல்லி" (இல்ல தம்பி)ங்கிறாங்க. ஒரு இடத்துல மட்டும் கம்பி அதிர்றதப் பிடிக்கிற பிக்கப்போட சேத்து எல்லாத்தையும் கழட்டிட்டு புதுசு போட்டுத் தாறோம்னு சொன்னாங்க. குடுக்கவா? பெரியப்பாட வால்வ் அம்பும் இருக்கு, அதையும் போட்டுப் பாக்கலாமா?

ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

தம்பி, அந்தக் கடைக்குக் குடுக்காதேங்கோ. சத்தம் வருது எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள், அப்ப பிக்கப் காயில் அறுந்து போகேல்ல, பிறகு ஏன் அதைக் கழட்டவேணும்? அந்தக் காலத்து அமெரிக்கச் சுப்ரோவில கனக்கத்தில கம்பி பிக்கப்புக்கு மேலால போறேல்ல, உள்ளுக்கால போகும், அந்த இடத்தில சாதாரணக் கிற்றார் பிக்கப்பை வைக்கவும் ஏலாது, வைச்சாலும் அந்தச் சத்தம் வராது. காயில் போனாலும் இஞ்ச சுத்தி எடுக்கிறது கஷ்டம், தலைமயிரை விட மெல்லிய கம்பி, மோட்டர் சுத்துற கடைக்காரர் கையில எடுத்த உடனேயே அறுந்திடும்.

மற்றது, நீங்கள் கடையில கேட்ட பேரே பிழை. உள்ளுக்க என்ன கிடக்கு? ரெண்டு பொட் (வொல்யூம், டோன் திருப்புற சாமான்), டோனுக்கு ஒரு கெப்பாசிற்றர், கேபிள் குத்துற ஜாக் ஒண்டு, நாலு துண்டு வயர். பொட்டும் கெப்பாசிற்றரும் அந்த நாள் றேடியோவுக்கெண்டு செய்த சாமான், கிற்றார் கொம்பனிக்காரரும் அதையேதான் வாங்கிப் போட்டவங்கள். அதால கிற்றார் கடையை விட்டுட்டு கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில எலக்ட்ரோனிக் சாமான் விக்கிற கடையளுக்குப் போங்கோ, கிற்றார் எண்ட சொல்லையே எடுக்காதேங்கோ, அளவை மட்டும் சொல்லுங்கோ. சனிக்கிழமை போகாதேங்கோ, அந்தச் சனத்துக்குள்ள ஆர் உங்களுக்கு நிண்டு பொட் தேடித் தாறது.

அளவு எடுக்கிறது எப்பிடியெண்டால், மூடியைக் கழட்டின உடனே ரெண்டு மூண்டு போட்டோ எடுத்து வைச்சிட்டு, பொட்டின்ர மூண்டு காலில ஒரு ஓரக் காலில இருக்கிற வயரைக் கழட்டிப்போட்டு ரெண்டு ஓரக் காலுக்கும் நடுவில ஓம் அளக்கிற மீற்றரை வையுங்கோ. கழட்டாமல் அளந்தால் பிக்கப்பும் சேர்ந்து பொய்க்கணக்குக் காட்டும். 250 கேயோ 500 கேயோ (கே எண்டால் கிலோ ஓம்) எது கிட்டவோ அதை வாங்குங்கோ, 20 வீதம் கூடிக் குறைஞ்சிருந்தால் யோசிக்காதேங்கோ, பழசு அப்பிடித்தான். இப்ப வாற ஆசியப் பொட்டில ஏ எண்டு அடிச்சிருந்தால் லொக், அதாவது காதுக்குப் படிப்படியா ஏறுறது, பி எண்டால் லீனியர், அளவு ஒரே சீரா ஏறுறது. வொல்யூமுக்கு ஏ வேணும், ஏனெண்டால் லாப் ஸ்டீல்காரர் சுண்டுவிரலால வொல்யூமைத் தூக்கித்தான் அந்த அழுகைச் சத்தம் எடுக்கிறது, லீனியரில அது திடீரெண்டு குபுக்கெண்டு வந்து நிக்கும். கடையிலேயே கையில எடுத்துத் திருப்பிப் பாருங்கோ, இறுக்கமா இருந்தால் வேண்டாம்.

ஓட்டைதான் கரைச்சல். அமெரிக்கப் பொட்டுக்குக் கழுத்து முக்கால் இஞ்சியில அரைவாசி, அதாவது ஒம்பதரை மில்லிமீற்றர் வரும், இஞ்ச கிடைக்கிற சின்னப் பொட் 7 மில்லிமீற்றர். ஓட்டை பெரிசு பொட் சின்னன் எண்டால் வொஷர் போட்டுச் சமாளிக்கலாம், ஓட்டை சின்னன் பொட் பெரிசு எண்டால்தான் ஆபத்து, நான் ஒருக்கா அவசரப்பட்டு ஒரு பழைய கிற்றாரில ட்ரில்லைப் பிடிச்சு அந்த முத்துச்சிப்பி மாதிரி பிளாஸ்டிக்கை வெடிக்க வைச்சிட்டன், இண்டைக்கும் அதைப் பாக்க வயித்தெரிச்சல். (அந்த முத்துப் பிளாஸ்டிக்கை அமெரிக்காக்காரர் கக்கூஸ் மூடி முத்து எண்டு பகிடி பண்ணுறவங்கள்.) பழைய குமிழ் 6.35 மில்லிமீற்றர் தண்டுக்குச் செய்தது, புதுத் தண்டு 6, செப்புத் தாள் ஒரு சுத்து சுத்தினால் ஆடாது.

ஆனா இதெல்லாம் வாங்க முந்தி கொன்டாக்ட் கிளீனர் ஒரு டின் வாங்கி பொட்டுக்குள்ள அடிச்சு முப்பது தரம் திருப்புங்கோ. பாதிக் கரகர அதிலயே போயிடும். வாகனத்துக்கு அடிக்கிற ஒயில் ஸ்பிரே வேண்டாம். ஜாக்கையும் துடைச்சு, அந்த நாக்கைக் கொஞ்சம் உள்ளுக்கு வளைச்சு விட்டால் கட்டாகிறது நிக்கக்கூடும்.

டோன் வேலை செய்யேல்ல எண்டால் அனேகமா கெப்பாசிற்றர், இல்லாட்டி விட்டுப்போன சோல்டர். பழசில .05 (மைக்ரோபராட்) எண்டிருந்தால் 473 எண்டு அடிச்சதை வாங்குங்கோ, அது .047; .02 எண்டிருந்தால் 223, அது .022. பிக்கப் தாறது ஒரு வோல்ட் கூட ஒழுங்கா வராது, 50 வோல்ட் கெப்பாசிற்றர் தாராளம். வெளிநாட்டில எண்ணெய்த்தாள் கெப்பாசிற்றர் எண்டு பவுண் விலைக்கு விப்பாங்கள், எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் கேட்டதில்லை. கழட்டின பழசை எல்லாம் ஒரு பையில போட்டு கிற்றார் பெட்டிக்குள்ளயே வையுங்கோ.

வால்வ் அம்பைத் தயவுசெய்து சுவரில குத்தாதேங்கோ! அமெரிக்க அம்ப் 117 வோல்ட்டுக்குச் செய்தது, எங்கட கரண்ட் 230, ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் போட்டால் ஒரு நிமிசத்தில புகைதான். வோல்ட் சரியா இருந்தாலும் அந்தக்கால ரெண்டு முள்ளுப் பிளக்கில எர்த் இல்லை, கரண்ட் வயரிலயிருந்து சேசிக்கு, அதாவது அம்பின்ர உலோகச் சட்டத்துக்கு, ஒரு கெப்பாசிற்றர் போயிருக்கும், அது பழுதாப் போனால் சேசி, கேபிள், கம்பி எல்லாத்திலயும் கரண்ட் நிக்கும், நீங்களோ கம்பியில வழுக்கி வாசிக்கிற இரும்பையும் கையில பிடிச்சுக்கொண்டு கம்பியில கை வைச்சபடி இருப்பீங்கள். வால்வ் தெரிஞ்ச பழைய றேடியோ பாஸ் ஒருத்தரிட்டக் குடுத்து, அந்தக் கெப்பாசிற்றரை வெட்டி மூண்டு முள்ளு எர்த் வயர் போட்ட பிறகு பாப்பம்.

50களில வந்ததோ எண்டதுக்கு பொட்டின்ர முதுகைப் பாருங்கோ, நம்பர் அடிச்சிருக்கும். 304 எண்டு தொடங்கினால் ஸ்டாக்போல் கொம்பனி செய்த பொட், 137 எண்டால் சிரிஎஸ் கொம்பனி, அடுத்த ஒரு இலக்கம் வருசம் (பிந்தின பொட்டில ரெண்டு இலக்கம்), கடைசி ரெண்டும் கிழமை. 304532 எண்டால் 1955 அல்லது 1945, 32ஆம் கிழமை, பத்து வருசக் குழப்பத்தைக் கிற்றாரின்ர மற்றச் சாமானைப் பாத்துத்தான் தீர்க்கவேணும். சுப்ரோவைச் செய்த சிக்காகோ வால்கோ கொம்பனி 1968ல மூடிட்டாங்கள், அதுக்குப் பிந்தின நம்பர் இருந்தால் ஆரோ முந்தியே பொட் மாத்தியிருக்கினம். அந்த நம்பரையும் போட்டோவையும் அனுப்புங்கோ, பிறகு சோல்டரைச் சூடாக்கலாம்.