காமோனும் கடைத்திரையும்

அன்புள்ள சார்,

டோக்கியோவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் கிராஃபிக் டிசைனராக இருக்கிறேன், வேலை விசாவில். ஜப்பானிய மரபை அடிப்படையாக வைத்து தனிநபர்களுக்கும் சிறு கடைகளுக்கும் பிராண்டிங் செய்து தரும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்க ஆசை. வாபி-சாபி, இகிகாய் (வாழ்வின் பொருள்), ஸென் (ஜப்பானிய பௌத்தப் பிரிவு) என்று மூன்று பேக்கேஜ் யோசித்து வைத்திருக்கிறேன். கையில் 50 லட்சம் யென் சேமிப்பு. 'கின்ட்சுகி' (உடைந்த பாத்திரத்தைப் பொன்னால் ஒட்டும் கலை) என்ற சொல்லைப் பெயரில் வைத்துப் பதிவு செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

ஆர்., டோக்கியோ

அன்புள்ள ஆர்.,

முதலில் விசா. 50 லட்சம் என்பது பழைய விதிப்படியான கணக்கு. 2025 அக்டோபர் 16 முதல் 'பிசினஸ் மேனேஜர்' விசாவுக்கு மூலதனம் 3 கோடி யென் காட்ட வேண்டும். முழுநேர ஊழியர் ஒருவராவது வேண்டும். அவர் ஜப்பானியராகவோ, நிரந்தர வசிப்புரிமை போன்ற நிலையான தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும், வேலை விசாவில் இருக்கும் நண்பரைக் காட்ட முடியாது. நீங்கள், அந்த ஊழியர் இருவரில் ஒருவருக்கு பி2 அளவு (சரளமாகப் பேசிப் புரிந்துகொள்ளும் நிலை) ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு நிர்வாக அனுபவமோ முதுகலைப் பட்டமோ கேட்பார்கள். தொழில் திட்டத்தை வரிக் கணக்காளர் போன்ற ஒரு நிபுணர் பார்த்து உறுதிப்படுத்தித் தர வேண்டும். ஆகவே வேலையை விடாதீர்கள். பக்கத் தொழிலாகச் செய்வதற்கும் குடிவரவு அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும், ஆளையும் வேலையையும் பார்த்துத்தான் தருவார்கள். உங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டால் இந்தப் பத்தியே தேவையில்லை. அதுவரை காத்திருப்பதுதான் மலிவான வழி என்பேன்.

அடுத்து, அந்த மூன்று பேக்கேஜையும் தூக்கிப் போடுங்கள். வாபி-சாபி தேநீர்க் கலையோடு வளர்ந்த ஒரு ரசனை, குறையிலும் பழமையிலும் அழகைக் காண்பது. அதை முடிதிருத்தும் கடைக்காரரிடம் லோகோவாக விற்கப் போனால் ஒரு சாம்பல் நிறமும் தூரிகையால் இழுத்த ஒரு வட்டமும்தான் மிஞ்சும். எதிர்க்கடையிலும் அதே வட்டம் தொங்கும். ஜப்பானியருக்கு 'இது யாருடையது' என்று சொல்ல நூற்றாண்டுகளாக ஒரு முறை இருக்கிறது: காமோன் என்கிற குடிச்சின்னம், அது தொங்கும் நோரென் என்கிற கடைத்திரை, முத்திரை, தெனுகுய் கைத்துண்டு, ஃபுரோஷிகி பொட்டலத் துணி. சின்னம் வரைந்து, அதைத் துணியில் ஏற்றி, கடை வாசலில் மாட்டிக் கொடுப்பது வரைதான் உங்கள் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிட்சுபிஷியின் மூன்று வைரம்கூட இவாசாகி குடும்பச் சின்னத்தையும் தோசா பிரபுக்களான யாமாஉச்சி குடும்பத்தின் மூன்று ஓக் இலையையும் கலந்து வந்ததுதான்.

புதிய காமோன் வரைந்துகொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அதைப் பதிந்து தரும் அரசு அலுவலகமும் இல்லை. ஆனால் பழைய சின்னம் ஒன்றைப் புத்தகத்திலிருந்து எடுத்து 'இது உங்களுக்கு மட்டுமே' என்று விற்காதீர்கள், ஒரே சின்னத்தை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வைத்திருக்கும். 16 இதழ்ச் சாமந்தி அரச குடும்பத்தினுடையது, வணிகக் குறிச் சட்டமே அதைப் பதிவு செய்ய விடாது. ஐந்து-ஏழு பூக்கொத்துள்ள பவுலோனியா மரச் சின்னம் அரசாங்கம் பயன்படுத்துவது, முன்பு நாட்டை ஆண்ட ஷோகன் குடும்பமான தொகுகாவாக்களின் மூன்று இலைச் சின்னம் எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டின் பக்கமும் போகாதீர்கள்.

வரையும்போது கவராயமும் அளவுகோலும் மட்டும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காமோன் வரையும் கலைஞர்கள் மூங்கில் கவராயத்தில்தான் வரைந்தார்கள். பூவிதழின் வளைவுகூட ஒரு வட்டத்தின் துண்டுதான். கணினியில் கைபோன போக்கில் இழுத்த வளைவு பார்த்தவுடனே வீங்கித் தெரியும், ஏன் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பிடிக்காது. வரைந்து முடித்ததும் 21 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரே நிறத்தில் அச்செடுத்துப் பாருங்கள். பெண்கள் கிமோனோவில் சின்னம் வரும் அளவு அது, ஆண்களுக்கு 38. அதன் பிறகு கறுப்புத் தளத்தில் வெள்ளையாகப் பாருங்கள். நிரப்பிய வடிவம் ஹினாதா, வெறும் கோட்டு வடிவம் காகே. மரியாதையான சந்தர்ப்பங்களுக்கு ஹினாதாதான், இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

புதியவர்கள் பணத்தை இழப்பது துணியில். சூசென் முறையில் சாயமேற்றும் தெனுகுய்யை எடுத்துக்கொள்ளுங்கள். நீளத் துணியை ஒரு துண்டின் அளவுக்கு, சுமார் 90 சென்டிமீட்டருக்கு, விசிறி போல மடித்து மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் அச்சுத்தாள் வைத்துப் பசை பூசுவார்கள். பிறகு மேலிருந்து சாயத்தை ஊற்றிக் கீழிருந்து உறிஞ்சி எடுப்பார்கள். அதனால்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிறம் ஏறுகிறது. அதே காரணத்தால் மயிரிழைக் கோடு நிற்காது. 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டை அனுப்பினால் பசை சிந்தி அடைத்துக்கொள்ளும், அல்லது சாயம் ஊறி மறைந்துவிடும். இரண்டு நிறம் வேண்டுமென்றால் நடுவே பசையால் வரப்பு கட்ட இடம் விட வேண்டும், ஒட்டி வைத்தால் கலங்கிவிடும். மடித்துச் செய்வதால் ஒன்றிரண்டாகச் செய்து தர மாட்டார்கள், குறைந்தபட்ச எண்ணிக்கையை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் வாடிக்கையாளரிடம் விலை சொல்லுங்கள். தெனுகுய்யின் ஓரம் தைக்கப்படாதது, சீக்கிரம் காய்வதற்காக. முதல் சில சலவைக்கு நூல் பிரியும். இதை ஒரு சிறு சீட்டில் எழுதி வைக்காவிட்டால் 'மட்டமான தையல்' என்று புகார் வரும், குறிப்பாக வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து.

நோரெனில் கணக்கு வேறு. மரபான துணி அகலம் 36 சென்டிமீட்டர் சுமார், வழக்கமான நீளம் 113, பாதி நோரென் 56. துண்டுகள் ஒற்றைப்படையில் வருவதே வழக்கம். மூன்று துண்டு நோரெனில் நடுத்துண்டுக்குள் சின்னம் அடங்க வேண்டுமானால் விட்டம் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பெரிதாக்க ஆசைப்பட்டால் பிளவு சின்னத்தின் மேலேயே போகும். ஆட்கள் நுழையும்போதெல்லாம் அது இரண்டாகப் பிளந்து சேரும். சிலர் அதையே விரும்புகிறார்கள், ஆனால் எழுத்து மட்டும் பிளவில் விழக்கூடாது. கான்டோ (டோக்கியோ வட்டாரம்) பக்கம் கம்பு நுழையும் காதுகள் வெளியே தெரியும்படி தைப்பார்கள், கான்சாய் (கியோட்டோ, ஒசாகா வட்டாரம்) பக்கம் கம்பை உறை போல மூடித் தைப்பார்கள். கியோட்டோ கடைக்கு டோக்கியோ தையல் போனால் வயதான முதலாளி கண்டுபிடித்துவிடுவார். கதவுச் சட்டத்தின் உள்ளளவை நீங்களே டேப் வைத்து எடுங்கள், கடைக்காரர் போனில் சொல்லும் அளவை நம்பாதீர்கள்.

இன்னொன்று. விளம்பரப் படத்தில் கிமோனோ அணிந்த பெண்ணின் முகம் எழுத்தைப் பார்த்திருக்கட்டும் என்று டிசைனர்கள் படத்தை இடவலமாகத் திருப்புவது வழக்கம். திருப்பினால் கிமோனோவின் வலப்பக்க மடிப்பு மேலே வந்துவிடும். அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. ஒரு திருமண ஸ்டூடியோவின் பதாகையில் இது வந்தால் அந்த வாடிக்கையாளர் அதோடு சரி. பரிசு உறையின் நாடாவிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: மறுபடி மறுபடி வரலாம் என்ற வாழ்த்துக்கு எளிதில் அவிழும் வண்ணத்துப்பூச்சி முடிச்சு, திருமணத்துக்கு அவிழாத முடிச்சு. மாற்றிப் போட்டால் இன்னொரு கல்யாணத்துக்கு வாழ்த்தியதாக ஆகிவிடும்.

'மரபுக் கைவினைப் பொருள்' என்ற அரசு முத்திரையையும் சும்மா பயன்படுத்த முடியாது. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட கைவினைகளில், பரிசோதனை தேறிய பொருளுக்குத்தான் அந்தச் சீட்டு ஒட்டுவார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி. சின்னத்தின் காப்புரிமையை (காப்பிரைட்) கொடுத்துவிடுவதாக இருந்தால் 'காப்புரிமைச் சட்டம் 27, 28-ஆம் பிரிவுகளின் உரிமைகள் உட்பட' என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் மாற்றியமைக்கும் உரிமை உங்களிடமே தங்கியதாகத்தான் சட்டம் கருதும். படைப்பாளரின் தார்மீக உரிமையைக் கைமாற்றவே முடியாது, ஆகவே அதைப் பயன்படுத்த மாட்டேன் என்று தனியாக ஒரு வரி கேட்பார்கள். இந்த இரண்டு வரிக்கும் தனி விலை போடுங்கள். வரைந்த கூலியும் உரிமையின் விலையும் ஒரே எண்ணாக இருந்தால் பேரத்தில் இரண்டும் போய்விடும். சாயப்பட்டறைக்காரர் ஆள் வைக்காமல் தனியாகத் தொழில் செய்பவர் என்றால், 2024 நவம்பரில் வந்த சட்டப்படி வேலை விவரத்தையும் கூலியையும் எழுத்தில் தர வேண்டும். உங்களிடம் ஊழியர் இருந்தால் 60 நாளுக்குள் பணமும் கொடுக்க வேண்டும்.

பெயருக்கு வருவோம். உடைந்த பாத்திரத்தை ஒட்டும் தொழிலுக்கு 'கின்ட்சுகி' என்பது தொழிலின் பெயரே, அங்கே பதிவாகாது. பிராண்டிங் சேவைக்குத் தனியாக முயலலாம். ஆனால் ஒரு மரபின் பெயரைத் தனிச்சொத்தாக்கப் போனால் என்ன ஆகும் என்பதை 2019-இல் பார்த்தோம்: கிம் கர்தாஷியன் தன் உள்ளாடைகளுக்குக் 'கிமோனோ' என்று பெயர் வைக்கப் போய், கியோட்டோ மேயரே கடிதம் எழுதி, கடைசியில் 'ஸ்கிம்ஸ்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. உங்களுக்கென்று ஒரு பெயரை வையுங்கள். வணிகக் குறிகளைத் தேடும் ஜே-பிளாட்பாட் தளத்தில் கான்ஜி, ஹிராகானா, கதகானா என்ற மூன்று ஜப்பானிய எழுத்துமுறையிலும் தேடுங்கள், எழுத்து வேறானாலும் ஒலி ஒன்றானால் தடைதான். வணிகக் குறிப் பதிவில் விளம்பரச் சேவைக்கு 35, வடிவமைப்புக்கு 42 என்று இரண்டு வகுப்பு போதும். விண்ணப்பக் கட்டணம் 20,600 யென், பத்தாண்டுப் பதிவுக்கு 65,800. ஜப்பானில் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. எனவே பெயர் முடிவானால் வலைத்தளம் திறக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.