வாசகர் கேள்வி – பதில்: ராப் பாடகரின் ஜெபம்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் எந்நேரமும் அமெரிக்க ஹிப்ஹாப், அதாவது ராப் பாடல்கள் கேட்கிறான். தங்கச் சங்கிலி, துப்பாக்கி, பெண்களைப் பற்றிய இழிசொல் ஆகியவையே என் காதில் விழுகின்றன. “தொடக்கத்தில் அது நல்ல நோக்கத்தோடுதான் இருந்தது, பிறகுதான் கெட்டது” என்கிறான். விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை இதைக் கேட்பது தகுமா?
– ஒரு தந்தை, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், கூல் ஹெர்க் என்ற பதினெட்டு வயது இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய கொண்டாட்டத்தையே ஹிப்ஹாப்பின் பிறப்பாகச் சொல்வது வழக்கம். அதை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி. பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டியிருந்ததால், பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணமும் வைத்தார். ஆக, பணமும் பகட்டான உடையும் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று சொல்லிவிட முடியாது. அவை பிறந்த அன்றைக்கே கூடத்தில் இருந்தன. வறுமையில் வளர்ந்த பிள்ளைகள் நன்றாக உடுத்த ஆசைப்பட்டதில் எனக்குக் குற்றம் எதுவும் தெரியவில்லை.

மாறியது, அந்த இசையை யார் யாருக்கு விற்றார்கள் என்பதுதான். 1982இல் ‘தி மெசேஜ்’ என்ற பாடல் உடைந்த கண்ணாடியும் நாற்றமும் நிறைந்த தெருவை உள்ளபடி சொல்லிப் புகழ்பெற்றது. 1991இல் பில்போர்டு என்ற இசைப் பத்திரிகை கடைகளின் உண்மையான விற்பனைக் கணக்கைக் கொண்டு தரவரிசை வெளியிடத் தொடங்கிய சில வாரங்களிலேயே, வன்முறைப் பாடல்களுக்குப் பெயர்போன என்.டபிள்யூ.ஏ. குழுவின் தொகுப்பு முதலிடத்திற்கு வந்தது. அத்தகைய பாடல்களைப் புறநகர்ப் பகுதிகளின் வெள்ளையின இளைஞர்களும் பெருமளவில் வாங்குகிறார்கள் என்பது நிறுவனங்களுக்கு அப்போது தெளிவாயிற்று. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடெங்கும் வைத்திருக்கக்கூடிய வானொலி நிலையங்களுக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒரே கைக்குள் வந்த பிறகு, எங்கே திருப்பினாலும் அதே சில பாடல்கள்தான் ஒலித்தன. தெருவின் துயரத்தைச் சொன்ன கலை, தெருவின் முரட்டுத்தனத்தை மட்டும் விற்கும் சரக்காகச் சுருங்கியதில் இந்தக் கணக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பாடகர்கள் மட்டும் திடீரென்று ஒழுக்கம் கெட்டுப்போனார்கள் என்பது கதையை மிகவும் எளிதாக்கிவிடும்.

கறுப்பினத் திருச்சபை இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1993இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள அபிசீனியன் பாப்டிஸ்ட் சபையின் போதகர் கால்வின் பட்ஸ், ஆபாசமான ராப் ஒலிநாடாக்களைச் சாலை உருளையால் நசுக்கப்போவதாக அறிவித்தார். எதிர்ப்பாளர்கள் குறுக்கே நின்றதால் அந்த நாடாப் பெட்டிகள் இசை வெளியீட்டு நிறுவனமான சோனியின் அலுவலக வாசலுக்குக் கொண்டுபோகப்பட்டன. அதே ஆண்டில்தான் ரன்-டி.எம்.சி. என்ற ராப் குழு, கிறிஸ்தவச் சாயல் கொண்ட தலைப்போடு ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதன் பாடகர் ஜோசப் சிம்மன்ஸ் பின்னர் போதகராக அபிஷேகம் பெற்று ‘ரெவரண்ட் ரன்’ என்றே அழைக்கப்பட்டார். போதகர் பட்ஸின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் உருளைக்கு நல்ல நாடா எது, கெட்ட நாடா எது என்று தெரியாது.

கேட்பது தகுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெண்ணை இழிவுசெய்யும் பாட்டுக்கு வரலாற்றுக் காரணம் காட்டிச் சலுகை தரவேண்டியதில்லை. அதைக் கேட்காமல் இருப்பதே நல்லது. ஆனால் கெட்ட சொல் வந்துவிட்டது என்பதற்காகவே ஒரு பாடகரைத் தள்ளிவிட்டால், டி.எம்.எக்ஸ். போன்றவரைப் புரிந்துகொள்ள வழியில்லாமல் போகும். யாங்கர்ஸ் நகரில் கொடுமையான இளமைப் பருவத்தைக் கழித்து, போதையோடு வாழ்நாள் முழுதும் போராடி, பலமுறை சிறை சென்று, 2021 ஏப்ரலில் ஐம்பது வயதில் இறந்த மனிதர் அவர். 1998இல் வெளியான அவருடைய முதல் தொகுப்பிலேயே, வசையும் இரத்தமும் நிறைந்த பாடல்களுக்கு நடுவே, இசையே இல்லாமல் ஒரு ஜெபம் வரும். பின்வந்த தொகுப்புகளிலும் ஜெபங்களைத் தொடர்ந்து சேர்த்தார். மெருகில்லாத கரகரத்த குரலில், தான் ஏன் இன்னும் உயிரோடிருக்கிறேன் என்று கடவுளிடமே வாதாடும் ஜெபங்கள் அவை. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்கும் பதின்மூன்றாம் சங்கீதத்தை ஆலயத்தில் தலைகுனிந்து வாசிக்கும் நமக்கு, அந்தக் குரல் அந்நியமாகப் படவேண்டிய காரணமில்லை. அவர் வாழ்ந்த விதத்தை உங்கள் மகனுக்கு முன்மாதிரியாக நான் சொல்லமாட்டேன். ஒருநாள் அவனோடு அமர்ந்து அந்த ஜெபங்களில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அவன் எதைத் தேடிக் கேட்கிறான் என்பது உங்களுக்கு அப்போது தெரியக்கூடும்.

கேள்வி: ராப் பாடகர் கான்யே வெஸ்ட் மனந்திரும்பியது உண்மையா, விளம்பரமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இன்னொருவருடைய மனந்திரும்புதலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் அதிகாரம் பத்திரிகைக்காரனுக்கு இல்லை. நடந்ததை மட்டும் சொல்லலாம். 2004இல் ‘ஜீசஸ் வாக்ஸ்’ பாடலில், துப்பாக்கியைப் பாடினால் வானொலி ஒலிபரப்பும், கடவுளைப் பாடினால் ஒலிபரப்புமா என்று அவர் கேட்டார். வானொலி ஒலிபரப்பியது, கிராமி விருதும் வந்தது. 2019இல் ஞாயிறு ஆராதனைகளை நடத்தி, ‘ஜீசஸ் இஸ் கிங்’ தொகுப்பை வெளியிட்டு, இனிமேல் பக்தி சாராத உலகப் பாடல்களைப் பாடுவதில்லை என்றார். அந்த வாக்கு நிற்கவில்லை. 2022இல் யூதர்களைப் பற்றி அவர் வெளியிட்ட வெறுப்புப் பேச்சு அடிடாஸ் உள்ளிட்ட நிறுவனங்களை விலகச்செய்தது. 2019இல் அவரை மேடையேற்றிக் கொண்டாடிய சபைகள், புதிதாக விசுவாசத்திற்கு வந்த வேறு எவரையும் அத்தனை சீக்கிரம் பிரசங்க பீடத்தில் நிறுத்தியிருக்குமா என்பதுதான் எனக்கு எழும் கேள்வி.

கேள்வி: எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் லெக்ரே பாடல்கள் பிரபலம். ஆனால் அவர் தம்மைக் ‘கிறிஸ்தவ ராப் பாடகர்’ என்று அழைப்பதை விரும்புவதில்லை என்றும், திருச்சபையை விட்டு விலகிவிட்டார் என்றும் சிலர் சொல்கிறார்கள். இது மறுதலிப்பு ஆகாதா?
– ஒரு மாணவர், சென்னை

பதில்: ஆகாது. இரண்டு வேறு செய்திகளை நண்பர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள்.

ஹூஸ்டனில் பிறந்து, தந்தை உடனில்லாமல் வளர்ந்து, பத்தொன்பது வயதில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர் லெக்ரே. 2004இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ரீச் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் தோழர்களும் அணிந்த ‘116’ என்ற எண் ரோமர் 1:16ஐக் குறிப்பது: “கிறிஸ்துவின் சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்.” தொடக்க காலப் பாடல்கள் பெரும்பாலும் பிரசங்கத் தொனியில் இருந்தன. பின்பு, விசுவாசியான தச்சனை யாரும் ‘கிறிஸ்தவத் தச்சன்’ என்று அழைப்பதில்லையே என்ற போக்கில் அவர் யோசிக்கத் தொடங்கினார். 2014இல் ‘அனாமலி’ தொகுப்பு பில்போர்டின் பொதுத் தரவரிசையிலும் நற்செய்தி இசைத் தரவரிசையிலும் ஒருசேர முதலிடம் பெற்றது. பெயர்ப்பலகை வேண்டாம் என்றாரேயொழிய, பாடலிலிருந்து கிறிஸ்துவை நீக்கவில்லை.

விலகல் வேறு கதை. 2014இல் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு லெக்ரே இன அநீதியைப் பற்றிப் பேசினார். அமெரிக்கச் சுதந்திர தினமான 2016 ஜூலை 4 அன்று, பருத்திக் காட்டில் நிற்கும் அடிமைகளின் படத்தை வெளியிட்டு, 1776இல் தம் குடும்பத்தின் சுதந்திர தினம் இதுதான் என்ற பொருள்பட எழுதினார். அதுவரை அவருக்குக் கைதட்டிய வெள்ளையின இவாஞ்சலிக்கல் ரசிகர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் அந்த வட்டாரத்தோடு உறவை முறித்துக்கொண்டதாக வெளிப்படையாகச் சொன்னார். முறித்தது ஓர் இனத்தின் சமய-அரசியல் பண்பாட்டோடு, கிறிஸ்துவோடு அல்ல. அதன் பின் மன அழுத்தத்திலும் ஐயத்திலும் தவித்ததை அவரே பேசியிருக்கிறார். 2020இல் வந்த ‘ரெஸ்டொரேஷன்’ தொகுப்பு அந்தத் தவிப்பிலிருந்து மீண்ட கதை.

ஹிப்ஹாப் எத்தனை மாறினாலும் அதில் ஒரு மதிப்பு மட்டும் இன்றுவரை நிற்கிறது: நீ யாரோ அதையே பாடு என்பது. அந்த மதிப்பின்படி நடந்ததற்காகவே லெக்ரே ரசிகர்களை இழந்தார். உங்கள் ஐக்கியத்தில் அவருடைய 2008ஆம் ஆண்டின் ‘ரெபெல்’ தொகுப்பையும் ‘ரெஸ்டொரேஷனை’யும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, எந்த லெக்ரே உங்கள் விசுவாசத்தோடு பேசுகிறார் என்று விவாதியுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன். முதலாவதில் இருக்கும் துணிச்சலுக்கு அப்போது அவர் விலை எதுவும் கொடுத்திருக்கவில்லை.