மூட்டை உரம் முழுதும் கரையவில்லை: கலப்படமா, தண்ணீர் போதவில்லையா?

கேள்வி: சொட்டுநீர் வழியாகப் பொட்டாசியம் சல்பேட் கொடுக்கிறேன். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி 50 கிலோ மூட்டையைக் கொட்டி ஒரு மணி நேரம் கலக்கியும் ஏறக்குறையப் பாதி அடியில் தங்கிவிடுகிறது. மூட்டையில் ‘முழுவதும் நீரில் கரையும்’ என்று அச்சிட்டிருக்கிறது. இது கலப்படமா? எவ்வளவு கரைகிறது என்று நானே அளந்து பார்க்க முடியுமா?

பதில்: நீங்கள் சொல்லும் அளவை வைத்துப் பார்த்தால் கலப்படம் என்று சொல்ல இடமில்லை. பொட்டாசியம் சல்பேட் 20 டிகிரி செல்சியஸில் லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 111 கிராம்தான் கரையும்; 25 டிகிரியில் 120 கிராம். 200 லிட்டருக்கு 22 முதல் 24 கிலோ. நீங்கள் போட்டது லிட்டருக்கு 250 கிராம். மீதியை நாள் முழுக்கக் கலக்கினாலும் கரையாது. கலக்குவதால் கரையும் வேகம் கூடும், அளவு கூடாது. ‘முழுவதும் கரையும்’ என்றால் போதுமான தண்ணீர் விட்டால் கசடு மிஞ்சாது என்றுதான் பொருள்.

ஆகவே உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உரத்தில் கரையாத கசடு எவ்வளவு? கரையக்கூடிய உப்பு எந்த அளவு வரை கரையும்? இரண்டுக்கும் சோதனை வேறு.

முதலில் கசடு. 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு, வடிதாள், காய்ச்சி வடித்த நீர் இருந்தால் போதும். 50 கிராம் உரத்தை 1 லிட்டர் நீரில் போட்டுக் கால் மணி நேரம் கலக்குங்கள். இது கரையும் எல்லையில் பாதிகூட இல்லை, எனவே நல்ல உரம் மிச்சமின்றிக் கரைய வேண்டும். முன்கூட்டியே காயவைத்து எடை போட்ட வடிதாளில் வடிகட்டி, தாளைத் திரும்பக் காயவைத்து எடை பாருங்கள். 0.20 கிராம் கூடியிருந்தால் கசடு 0.4 சதவீதம். இங்கே பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: வடித்த பிறகு தாளைக் கழுவ மறந்துவிடுகிறார்கள். ஈரத்தாள் 3 மில்லி கரைசலைப் பிடித்து வைத்திருந்தாலே அதில் 0.15 கிராம் உப்பு இருக்கும். காய்ந்ததும் அதுவும் கசடாகக் கணக்கில் ஏறிவிடும். சுத்த நீரை மூன்று முறை சிறிது சிறிதாக ஊற்றிக் கழுவுங்கள்.

அடுத்து கரையும் எல்லை. மூடியுள்ள பாட்டிலில் 500 மில்லி நீரும் 100 கிராம் உரமும் போட்டு, நிழலில், வெப்பம் அதிகம் மாறாத இடத்தில் ஒரு நாள் வையுங்கள். அவ்வப்போது குலுக்குங்கள். மறுநாள் அடியில் கரையாத உரம் கட்டாயம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கரைசல் இன்னும் தெவிட்டவில்லை (இனிக் கரையாது என்ற நிலைக்கு வரவில்லை), கூடுதலாகப் போடுங்கள். தெளியவிட்டு, கரைசலின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, சிரிஞ்சின் முனையில் பஞ்சு சுற்றி நடுப்பகுதியிலிருந்து 50 மில்லி உறிஞ்சுங்கள். ஒரு துகள் உள்ளே வந்தாலும் கணக்கு பிசகும்.

அதை எடை போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் விட்டு மறுபடி எடை போடுங்கள். கிண்ணம் 62.40 கிராம், கரைசலோடு 116.40 என்றால் கரைசல் 54.00 கிராம். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து ஆவியில் வற்றவிடுங்கள். நேராக அடுப்பில் வைத்தால் மேலே உப்பு ஏடு கட்டிப் படபடவென்று தெறிக்கும், தெறித்தது எடையில் குறையும். வற்றியபின் சிறு தீயில் உலர்த்தி, நன்றாக ஆறவிட்டு எடை பாருங்கள். கிண்ணம் சூடாக இருந்தால் தராசு சரியாக நிற்காது. அரை மணி நேரம் மறுபடி உலர்த்தியும் அதே எடை வந்தால் முடிந்தது. 68.00 வந்தது என்று வையுங்கள். உப்பு 5.60, ஆவியான நீர் 48.40 கிராம். 5.60-ஐ 48.40-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் கிலோ தண்ணீருக்கு 115.7 கிராம். வெப்பநிலை 22, 23 டிகிரி என்றால் இது சரியான பொட்டாசியம் சல்பேட்.

கலப்படத்தைக் கண்டுபிடிக்கவும் இதே சோதனையில் ஒரு வழி இருக்கிறது. தலா 500 மில்லி நீருள்ள இரண்டு பாட்டில்களில் ஒன்றில் 75 கிராமும் மற்றதில் 150 கிராமும் போடுங்கள். தனி உப்பு என்றால், எவ்வளவு மிச்சம் கிடந்தாலும் இரண்டு தெளிவிலும் ஒரே விடைதான் வரும். இரண்டாவதில் தெளிவாகக் கூடுதலாக வந்தால், வேறொரு கரையும் உப்பு சேர்ந்திருக்கிறது. சாதாரண உப்பு கலந்திருந்தால் வெறும் கண்ணுக்கு ‘நன்றாகக் கரைகிற உரம்’ போலத்தான் தெரியும், ஏனென்றால் அது லிட்டருக்குச் சுமார் 360 கிராம் கரையும்.

இந்த ஆவியாக்கும் முறையை எல்லா உரத்துக்கும் செய்துவிடாதீர்கள். அம்மோனியம் நைட்ரேட்டை ஒருபோதும் சூடுபடுத்தக் கூடாது, ஆபத்து. யூரியா சூட்டில் சிதைந்து அம்மோனியாவை விடும். மெக்னீசியம் சல்பேட், கால்சியம் நைட்ரேட் போன்றவை படிகத்துக்குள் நீரைப் பிடித்துவைத்துக் கணக்கைக் குழப்பும். இவற்றுக்கு நேர்மாறான வழி: எடை போட்ட உரத்தில் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கி, கடைசித் துகள் மறையும்போது எவ்வளவு நீர் ஆனது என்று பாருங்கள். கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் அளவைக் காட்டும் ஈசி மீட்டர் யூரியாவுக்கு உதவாது. யூரியா கரைந்தாலும் மின்சாரத்தைக் கடத்தும் அயனிகளாகப் பிரிவதில்லை.

வெப்பநிலையை விட்டுவிட்டால் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பொட்டாசியம் நைட்ரேட் 20 டிகிரியில் லிட்டருக்கு 316 கிராம் கரையும், 10 டிகிரியில் 209 தான். பகலில் தெளிவாக இருந்த கரைசல் குளிர்ந்த இரவில் குழாய்க்குள் ஊசிபோலப் படிகம் கட்டுவது இதனால்தான். இந்த உரமும் யூரியாவும் கரையும்போதே தண்ணீரைச் சில்லிட வைக்கும். டிரம்மைத் தொட்டாலே தெரியும். அந்த நேரத்தில் அளந்தால் குறைவாகத்தான் காட்டும்.

இனி உங்கள் டிரம். எல்லையின் விளிம்பில் நிற்காமல் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள்: 200 லிட்டருக்கு 16 முதல் 17 கிலோ, அதாவது ஒரு மூட்டையை மூன்று தடவையாக. பொட்டாசியம் நைட்ரேட்டோ அம்மோனியம் சல்பேட்டோ அதே டிரம்மில் சேர்த்தால் இன்னும் குறைக்க வேண்டும். இரண்டு உரத்துக்கும் பொதுவான அயனி (பொட்டாசியம் அல்லது சல்பேட்) இருப்பதால் பொட்டாசியம் சல்பேட் கரையும் அளவு இறங்கிவிடும். கால்சியம் நைட்ரேட்டை இதோடு சேர்க்கவே கூடாது. ஜிப்சம் உருவாகும், அது லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவில்தான் கரையும்.

இப்போது அடியில் கிடப்பது எது என்று சந்தேகம் இருந்தால், ஒரு கரண்டி எடுத்து ஒரு லிட்டர் சுத்த நீரில் போட்டுக் கலக்குங்கள். அரை மணி நேரத்தில் மறைந்தால் அது உரமேதான். அடுத்த தடவைக்குத் தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்தலாம். மறையாமல் நின்றால் நீரை வடித்துவிட்டு அந்தக் கசடின் மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள்: நுரைத்தால் சுண்ணாம்புக்கல் தூள், நுரைக்காவிட்டால் மணலோ ஜிப்சமோ. அதை வடிகட்டிக்கு அனுப்பாமல் டிரம்மிலேயே விட்டு, தெளிவை மட்டும் உறிஞ்சும்படி குழாயின் வாயை அடியிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள்.