சேறும் கேரம் போர்டும்

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் மாலை நேர இலவச வகுப்பு நடத்துகிறோம். ஒன்பது முதல் பதினொன்று வரை படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். போன வாரம் பாடத்தை மூடிவைத்துவிட்டு ஹிக்ஸ் துகள் பற்றிப் பேசினேன். பிரபஞ்சம் முழுக்கச் சேறு மாதிரி ஹிக்ஸ் புலம் என்று ஒன்று இருக்கிறது, அதில் மாட்டி மெதுவாகும் துகளுக்குத்தான் நிறை என்றேன். பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, "சேத்துல ஓட்னா கொஞ்ச தூரத்துல நின்னுருவோமே சார், பூமி மட்டும் ஏன் நிக்காம ஓடுது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இந்த வயதில் துகள் இயற்பியலைத் தொடவே கூடாதோ?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகத் தொடுங்கள். அந்தப் பெண் கேட்டது மிகச் சரியான கேள்வி. 2012 ஜூலை 4 அன்று ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் அந்தப் புதிய துகளை அறிவித்த நாட்களில் நானும் மேடைதோறும் சேற்றைத்தான் சொன்னேன். அது தவறு. சேறு வேகத்தைக் குறைக்கும். நிறை அப்படிச் செய்வதில்லை, வேகம் மாறுவதைத்தான் எதிர்க்கிறது. பிள்ளைகள் பாடத்தில் நிலைமம் என்று படித்தது இதைத்தான்.

காட்டுவதற்கு உங்கள் தெருவிலேயே கேரம் போர்டு இருக்குமே. பவுடர் போடாமல் ஒரு காயை மெல்லச் சுண்டச் சொல்லுங்கள், பாதியில் நிற்கும். பவுடர் தூவிச் சுண்டினால் எதிர்க்கட்டை வரை வழுக்கிக்கொண்டு போகும். காயின் கனம் குறைந்துவிட்டதா? இல்லை, அது பலகையின் உராய்வு. இப்போது காயையும் ஸ்ட்ரைக்கரையும் அடுத்தடுத்து ஒரே வலுவில் சுண்டட்டும். காய் சுமார் 5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராம். ஸ்ட்ரைக்கர் கிளம்பவே முரண்டு பிடிப்பது நகத்தில் உறைக்கும். அந்த முரண்டுதான் நிறை.

ஹிக்ஸ் புலத்தில் எதிர்க்காற்று என்பதே கிடையாது. எந்த வேகத்தில் போனாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் பூமியை நிறுத்தாது. எலக்ட்ரான் அந்தப் புலத்தோடு உறவாடுகிறது, அந்த உறவின் வலிமையே அதன் நிறை. ஒளித்துகள் உறவாடுவதில்லை, அதற்கு நிறையும் இல்லை.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு இதுதான் பெரிய வியப்பு. நம் உடம்பின் கனத்தில் ஹிக்ஸ் புலத்தின் பங்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான். அணுக்கருவில் இருக்கும் புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு). உள்ளே இருக்கும் குவார்க்குகள் என்ற மூன்று நுண்துகள்களின் நிறையைக் கூட்டினால் 9 தான் வரும். மீதி? குவார்க்குகளும் அவற்றைக் கட்டும் குளுவான்களும் உள்ளே துடிக்கும் ஆற்றல். அந்தப் பெண் 50 கிலோ என்றால் ஹிக்ஸ் தந்தது அரை கிலோ.

ஆற்றல் எப்படிக் கனக்கும் என்று கட்டாயம் கேட்பார்கள். உட்புறம் முழுக்கக் கண்ணாடி பதித்த பெட்டியில் ஒளியை அடைத்ததாக நினைக்கச் சொல்லுங்கள். பெட்டியைத் தள்ளும்போது பின்சுவர் ஒளியின் மேல் போய் முட்டும், முன்சுவர் விலகி ஓடும். பின்சுவரில் விழும் அடி சற்றுக் கூடுதல், அது தள்ளுகிற கையை எதிர்க்கும். நிறையே இல்லாத ஒளி பெட்டிக்கு நிறை தந்துவிட்டது! ஆற்றலும் நிறையும் ஒன்றே என்று ஐன்ஸ்டைன் 1905இல் எழுதிய சமன்பாட்டை (E=mc²) இந்தப் பெட்டியிலேயே தொட்டுப் பார்க்கலாம்.

அரை கிலோதானே என்று ஹிக்ஸை விட்டுவிடக் கூடாது. எலக்ட்ரானின் நிறை பாதியானால் அணுவின் அளவு இரு மடங்காகும். நிறையே இல்லாவிட்டால் அணு கூடி நிற்காது, போர்டும் இல்லை, காயும் இல்லை.

மியூவான் என்ற துகள் எல்லா வகையிலும் எலக்ட்ரானின் உடன்பிறப்பு. கனத்தில் மட்டும் சுமார் 207 மடங்கு. ஹிக்ஸ் புலத்தோடு ஒன்றின் உறவு ஏன் இவ்வளவு, மற்றதன் உறவு ஏன் அவ்வளவு என்று இன்றுவரை யாரும் விளக்கியதில்லை. பூமி ஏன் நிற்கவில்லை என்று கேட்டவளிடம் இதையும் கொடுங்கள்.